எறும்பு கடிச்ச மாதிரிதான்

1

இந்தக் கதை என் பல்லிலிருந்து தொடங்கியது. கீழ்த்தாடை, இடது பக்கம், கடைசிக்கு முந்தின பல். எழுத்து நெஞ்சிலிருந்து வருகிறது, வயிற்றிலிருந்து வருகிறது என்றெல்லாம் மேடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பல்வலி வந்ததில்லை என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதை எனக்குச் சொன்னவர் ஒரு பல் டாக்டர். அவர் சொன்னபோது என் வாய் முழுக்கப் பஞ்சு. உதட்டோரத்தில் எச்சில் உறிஞ்சும் குழாய் ஒன்று கரகரத்துக்கொண்டு தொங்கியது. கதை கேட்கிற எவனுக்கும் தானாக வருகிற "அப்புறம்?", "எப்போ?", "நிஜமாவா?" எதையும் என்னால் கேட்க முடியவில்லை. சொல்ல முடிந்ததெல்லாம் "ஆ" மட்டும்தான். அந்த "ஆ"வை அவர் ஒவ்வொரு தடவையும் தனக்குச் சாதகமாகப் புரிந்துகொண்டார். ஆகவே இந்தக் கதையில் ஓட்டைகள் உண்டு. நான்தான் அடைத்திருக்கிறேன். எது அவர் சொன்னது, எது என் அடைப்பு என்று தோண்டாதீர்கள். அடைத்த இடம் தெரியக் கூடாது என்பது அவர் தொழிலுக்கும் என் தொழிலுக்கும் பொது.

அவர் சொன்ன முதல் வாக்கியம் இது:

"உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, எனக்குக் கம்ப்யூட்டர்னா பயம்."

"ஆ," என்றேன்.

"சிரிக்காதீங்க."

நான் சிரிக்கவில்லை. சிரிக்க வாயில் இடமில்லை.

2

வீட்டுக்கு வந்து, மரத்துப்போன பாதி உதட்டோடு எழுத உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டதில் தேறியவை:

"மழை பெய்துகொண்டிருந்தது. பல் டாக்டர் ஜன்னலோரம் நின்று தன் கடந்தகாலத்தை"

வேண்டாம். மழை பெய்யவில்லை. எனக்கு ஒன்றும் தோன்றாதபோதெல்லாம் மழை பெய்யும் என்பது என்னைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். என்னைத் தொடர்ந்து படிக்கும் என் அண்ணனுக்காவது தெரியும்.

"மனிதன் தான் படைத்த கருவியைக் கண்டு தானே நடுங்கத் தொடங்கிய அந்தக் கணமே நாகரிக வரலாற்றின்"

கட்டுரை வாடை அடிக்கிறது. இந்த வாக்கியம் முடிவதற்குள் வாசகர் எழுந்து காபி போடப் போய்விடுவார். போனவர் திரும்பி வருவார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

"அந்தக் கம்ப்யூட்டருக்கு உயிர் இருந்தது."

இருந்திருந்தால் டாக்டர் பயந்திருக்கவே மாட்டார். உயிருள்ள எதையும் அவர் நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கவைத்துவிடுவார்.

சரி, சுற்றி வளைக்காமல் ஆளிடமே போய்விடுகிறேன்.

3

அவருக்குக் குறடு என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால்தான் குறடு. முகத்துக்கு நேரே "டாக்டர் சார்". கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில் அவர் கிளினிக். அந்தப் படிக்கட்டு கொஞ்சம் விசேஷமானது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர்களுக்குப் பாதிப் படியிலேயே வலி நின்றுபோகும். "இப்ப தேவலை போல இருக்கே" என்று திரும்பி இறங்கப் பார்ப்பார்கள். மேலே முன்மேஜையில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவிக்குக் காலடிச் சத்தம் நின்றால் போதும், தெரிந்துவிடும். "வந்தது வந்துட்டீங்க, ஏறி வந்துடுங்க" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்குப் பயந்து ஏறி வந்துவிடுவார்கள்.

குறடுக்குக் கை நடுங்கியதாகச் சரித்திரம் இல்லை. வேரோடிப்போன கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போதுகூட வெளியூர் மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டே பிடுங்குவார். ஆள் பதில் யோசிப்பதற்குள் பல் தட்டில் விழுந்திருக்கும்.

அப்படிப்பட்ட மனிதர், உள்ளறையின் மூலையிலிருந்த கம்ப்யூட்டர் பக்கம் போக வேண்டி வந்தால் சுவரோடு சுவராக நடப்பார். நோயாளியின் நெஞ்சில் போடுவார்களே, நீலத்துணி, சங்கிலியும் கிளிப்பும் வைத்தது, அதில் ஒன்றை எடுத்து அதன் கழுத்தில் மாட்டி முகத்தை மறைத்து வைத்திருந்தார். கேட்டால் தூசி என்பார். தூசியாவது மண்ணாவது. அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குள் தன் முகம் சின்னதாகத் தெரிவதை அவரால் பார்க்க முடியவில்லை. யாரோ உள்ளே உட்கார்ந்து காத்திருப்பது போல் அவருக்குத் தோன்றும்.

முன்னெல்லாம் இந்தத் தொல்லை இல்லை. பல்லைப் படமெடுக்கப் பழைய எக்ஸ்ரே மெஷின் ஒன்று இருந்தது. படச்சுருளைக் கழுவி, உதறி, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். அது ஒரு நாள் புகைந்து செத்தது. அதற்குப் போடும் சுருளும் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. புது முறையில் சின்னத் தகடு ஒன்றை வாய்க்குள் வைத்து, கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அமுக்கினால் பல் திரையில் வந்து நிற்கும். அந்த ஒரு பட்டன்தான் விஷயமே.

கம்ப்யூட்டரைப் பொருத்த வந்தவர் மீசையும் தொப்பையுமாக நல்ல மனிதர். ஒயரையெல்லாம் சொருகி, கையைத் தட்டிவிட்டு, டாக்டரின் தோளில் கை வைத்துச் சொன்னார்: "பயப்படாதீங்க சார். ஒண்ணும் ஆகாது. எறும்பு கடிக்கற மாதிரிதான், சட்டுனு பழகிடும்." அன்றைக்கே டாக்டர் அந்த அறையைவிட்டு வெளியே வந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார்.*

* மீசைக்காரர் பேசிய வசனத்தை நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். அவருக்கு இந்தக் கதையில் வேறு வேலை இல்லை. பக்கம் நிரம்பட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து பட்டனை அமுக்குவது அவர் மனைவி. உள்ளே நாற்காலியில் ஆள் வாயைப் பிளந்து கிடப்பார். டாக்டர் தகட்டை வைத்துவிட்டு, கதவோரம் போய் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, "இந்தாம்மா, அமுக்கு" என்பார். முன்மேஜையில் போனில் பேசிக்கொண்டிருக்கும் அம்மாள் "ஒரு நிமிஷம் இருங்க" என்று போனைக் கவிழ்த்துவிட்டு ஓடிவந்து, துணியைத் தூக்கி, அமுக்கி, துணியைப் போட்டுவிட்டு, மறுபடி ஓடிப்போய் "ம், சொல்லுங்க" என்பார். நாள் முழுக்க இதே ஓட்டம்தான்.

இப்போதுதான் சிக்கலான சங்கதி வருகிறது. அந்த அம்மாளுக்கு ஒரு அக்கா. இரண்டு பேரும் பாவாடை கட்டின வயதிலிருந்து ஒரு கப்பலில் ஏறிக் கடலைச் சுற்றி வர வேண்டும் என்று பேசிப் பேசியே காலத்தை ஓட்டியவர்கள். இரண்டு வருஷம் முன்னாலேயே போகவேண்டியது. கம்ப்யூட்டர் புதிது என்று தள்ளிப்போனது. அதற்கு அடுத்த தடவை, கம்ப்யூட்டர் பழகவில்லை என்று தள்ளிப்போனது. இந்தத் தடவை அக்கா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "எனக்கு முழங்கால் போயிட்டே இருக்குடி. நீ வந்தா வா. வரலைன்னா நான் யாரோ ஒருத்தியோட கப்பல்ல அந்தச் சின்ன அறையில படுத்துக்கறேன். ஆனா இனிமே உன்னைக் கூப்பிட மாட்டேன்."

பெட்டி தயார். முன்மேஜைக்கு அடியிலேயே இருந்தது, சிவப்பாக, பெரிதாக. பெயர் கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் கால் கட்டைவிரலை அதில் இடித்துக்கொண்டார்கள். பல்வலியோடு வந்து கால்வலியோடு போனார்கள். பெட்டியை நகர்த்தச் சொல்ல டாக்டருக்குத் தைரியமில்லை.

"ஒரு மாசத்துக்கு வேற யாரையாவது உட்காரவெச்சுக்கலாமே" என்று அந்த அம்மாள் கேட்டுப் பார்த்தார்.

"வேற ஆளா? நான் பயப்படறது வெளிய தெரிஞ்சு போயிடுமே."

"எனக்குத் தெரியுதே."

"உனக்குத் தெரிஞ்சா பரவால்லை. நீ ஏற்கெனவே கட்டிக்கிட்டே."

இந்த விஷயத்தை வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் மட்டும்தான் அவர் சொல்வார். திருப்பிக் கேட்க மாட்டார்கள், வெளியே போய்ச் சொல்வதற்குள் உதடு மரத்துப்போயிருக்கும் என்ற தெம்பு. அவர்களில் ஒருவன் கதை எழுதுகிறவன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

4

பயம் என்றால் அதற்கு ஒரு வேர் இருக்க வேண்டும். வேரில்லாமல் பயம் எழுதினால் விமர்சகர்கள் விட மாட்டார்கள். மனம் பற்றிய புத்தகங்கள் சிலவற்றைப் புரட்டினேன். குழந்தைப் பருவம், அப்பா, அவமானம் என்று மூன்று பெட்டி இருக்கிறது. எந்தப் பயத்தையும் ஏதாவது ஒன்றில் போட்டு மூடிவிடலாம். மூன்றையும் எழுதி, அடுத்த தடவை பல்லைக் காட்டப் போனபோது கையோடு எடுத்துப் போனேன். சம்பந்தப்பட்டவர் சரிபார்த்தால் நல்லது என்று பட்டது. அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது, நான் நாற்காலியில் சாய்ந்து, வாயில் பஞ்சடைத்த பிறகுதான் உறைத்தது. அவர் மனைவி வாசற்படியில் நின்று என் பக்கங்களைச் சத்தமாகப் படிக்கிறார். அவர் கேட்டுக்கொண்டே என் பல்லைக் குடைகிறார். தன் எழுத்தைப் பற்றிய கருத்தை நேராக நரம்பில் வாங்கிக்கொண்ட எழுத்தாளன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"'சின்ன வயதில் அவன் அப்பாவின் ரேடியோவைப் பிரித்தான்,'" என்று படித்தார் அம்மாள். "'உள்ளிருந்து குரல் நின்றுபோனது. அப்பாவின் கை உயர்ந்தது. அன்றிலிருந்து எந்தக் கருவியைக் கண்டாலும் அவன் கன்னம்'"

"கதை விடறார்," என்றார் டாக்டர். "ரேடியோவைப் பிரிச்சேன், வாஸ்தவம்தான். திருப்பி மாட்டினதும் முன்னைவிட நல்லா பாடுச்சு. எங்கப்பா தெருவுல எல்லார் வீட்டு ரேடியோவையும் வாங்கிட்டு வந்து எங்கிட்ட குடுத்தாரு."

"ஆ," என்றேன். வலித்தது.

"அடுத்தது. 'அவருடைய சித்தப்பாவின் வேலையை ஒரு மெஷின் பிடுங்கிக்கொண்டது.'"

"எங்க சித்தப்பா வேலை போனது ஆபீஸ்ல தூங்கினதாலதான். மெஷின் வந்தப்புறம் அந்தச் சத்தத்துல தூக்கம் வரலைன்னு தானாவே நின்னுட்டாருன்னு வேணா சொல்லலாம்."

"அப்போ மூணாவது. 'புரியாத ஒன்றின் உட்புறம் கண்ணுக்குத் தெரியாதபோது மனித மனம்'"

"உட்புறமா?" டாக்டர் துளைக்கிற கருவியை நிறுத்திவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சார், விடிஞ்சா அடைஞ்சா நான் இருட்டுக்குள்ளதான் வேலை பாக்கறேன். உங்க வாய்க்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியாது. அதுக்கே நான் பயந்ததில்லை."

[இங்கே இரண்டு பத்தி இருந்தது. குழந்தை மனம், தோல்வி பயம், நாலு பேர் முன்னால் அசடாகி நிற்கும் கூச்சம் என்று அருமையாக எழுதியிருந்தேன். அம்மாள் படித்துவிட்டு, "இதுல எங்க வீட்டுக்காரரே இல்லையே" என்றார். எடுத்துவிட்டேன்.]

5

இதற்கு மேல் எழுத முடியாமல் நின்றது. எனக்கு அந்த ஆள் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். கை நடுங்காத மனிதர். ரேடியோவைப் பிரித்துச் சேர்த்தவர். ஒரு பட்டனுக்கு எதற்கு இந்த ஆர்ப்பாட்டம்? ஒருவேளை அவர் பயந்தது கம்ப்யூட்டருக்கே இல்லையோ? மனைவி கப்பலேறிப் போய்விட்டால் அந்த மாடியில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். அதைத் தடுக்கத்தான் இந்த நாடகமோ? நீலத்துணி, சுவரோட்டம், எல்லாமே ஒரு பெண்பிள்ளையைக் கட்டிப்போடுகிற கயிறோ?

எழுதும்போது எனக்கே மெய்சிலிர்த்தது. அப்பாடா, கதைக்கு ஆழம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். எழுதுகிறவனுக்கு இதுதான் வியாதி. ஒரு மனிதரைப் பற்றிக் கேவலமாக ஏதாவது தோன்றினால் போதும், ஆழம் என்று பெயர் வைத்துவிடுவான்.

மூன்றாவது தடவை போனபோது, கப்பல் புறப்பட இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. அம்மாள் வழக்கம் போல் பக்கங்களை வாங்கிக்கொண்டார். நான் இந்தப் பகுதியை மட்டும் எடுத்து ஒளித்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன். "ஒருவேளை அவர் பயந்தது கம்ப்யூட்டருக்கே இல்லையோ" என்று அவர் உரக்கப் படிக்க ஆரம்பித்து, 'கயிறோ' என்பது வரை போய், அங்கே குரல் இறங்கி நின்றது.

டாக்டர் திரும்பினார். "நீ அப்படி நினைக்கறியா?"

"நினைச்சேன்," என்றார் அம்மாள். "சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். போன வருஷமே நினைச்சேன்."

"சத்தியமா இல்லை. நீ போகணும்னுதான் எனக்கும் ஆசை. நான் என்ன பண்ணட்டும், அதுகிட்ட போனா கையும் ஓடலை, காலும் ஓடலை."

"ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறீங்களே."

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

குறடு என்று பெயரெடுத்த மனிதர், கையுறை போட்ட கையால் கண்ணைத் துடைக்கவும் முடியாமல் நின்றார். எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. நான் வெறும் "ஆ" சொல்லிக்கொண்டிருந்த காலமே எவ்வளவோ நன்றாக இருந்தது.

என்ன செய்வதென்று தெரியாதபோது எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்புவோம். டாக்டர் ஊசியை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். அம்மாள் முகத்தை மறைத்துக்கொள்ளத் தாள்களைப் புரட்டி, கையில் வந்த பக்கத்தைப் படித்தார். படித்தது மூன்றாம் பகுதி, மீசைக்காரர் தோளில் கை வைக்கும் இடம். டாக்டர் என் தோளில் கை வைத்தார்.

"'பயப்படாதீங்க சார்,'" என்று அம்மாள் படித்தார்.

"பயப்படாதீங்க சார்," என்றார் டாக்டர்.

"'ஒண்ணும் ஆகாது.'"

"ஒண்ணும் ஆகாது."

"'எறும்பு கடிக்கற மாதிரிதான்'"

டாக்டர் அதைச் சொல்லவில்லை. வாய் அந்தச் சொல்லுக்காகத் திறந்து அப்படியே நின்றது. ஊசி என் மூக்குக்கு நேரே தொங்கியது. என் வாழ்க்கையில் அவ்வளவு அமைதியாக நான் இருந்ததில்லை.

"என்னங்க," என்றார் அம்மாள் மெதுவாக, "ரெண்டும் ஒண்ணா இருக்கே."

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். தன் சுழல் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அந்த ஆளு என் தோள்ல கை வெச்சான் பாரு," என்றார். "அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அது என் குரல்மா. அந்தக் குரல்ல ஒருத்தன் 'ஒண்ணும் ஆகாது'ன்னு சொன்னா என்ன அர்த்தம்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன். சொல்லி முடிச்ச அடுத்த செகண்டு என்ன நடக்கும்? அந்த செகண்டு எனக்கு இன்னும் வரலை. அது வரும் வரும்னு ரெண்டு வருஷமா உட்கார்ந்திருக்கேன்."

அவ்வளவுதான் வேர். ரேடியோ இல்லை, சித்தப்பா இல்லை, மனித மனம் இல்லை. நான் பக்கம் நிரப்ப விட்டுவைத்த வரியில் இருந்திருக்கிறது. இனி அடிக்குறிப்பில் நான் சொல்வதை நம்பாதீர்கள்.

அம்மாள் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. தகட்டை எடுத்து என் வாய்க்குள் வைத்தார். மூலைக்குப் போய் நீலத்துணியின் கிளிப்பைக் கழற்றினார். டாக்டரை ஸ்டூலோடு தள்ளிக்கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் முன்னால் நிறுத்தினார். சக்கரம் கீச்சிட்டது.

"இங்க பாருங்க. நான் சொல்றேன், கேட்டுக்குங்க. ஏதாவது ஆகும். நிச்சயமா ஆகும். தப்பான பட்டனை அமுக்குவீங்க. படம் தலைகீழா வரும், இல்லை வராமலே போகும். ஒருத்தர் பல்லு இன்னொருத்தர் பேர்ல போய் உட்காரும். ஆளுங்க முன்னால அசடு வழிவீங்க. ராத்திரி படுத்தா அது ஞாபகம் வரும். நான் திரும்பி வந்து எல்லாத்தையும் பாத்துட்டு உங்களைக் கன்னாபின்னான்னு திட்டுவேன். இது எறும்பு இல்லை, நல்ல தேளே கொட்டும். ஆனா நான் போறேன்."

டாக்டர் மனைவியை அண்ணாந்து பார்த்தார். தன்னிடம் முதல் தடவையாக ஒருவர் உண்மை பேசிவிட்ட மாதிரி, அவர் முகம் தெளிந்தது.

"வலிக்கும்ங்கறே."

"வலிக்கும்."

"அப்போ சரி," என்று சொல்லிவிட்டு அமுக்கினார்.

என் பல் திரையில் வந்தது. எனக்கு முந்தி வந்துபோன பாட்டு வாத்தியாரின் பக்கம் மூடாமல் திறந்தே இருந்ததால், அவர் பெயருக்குக் கீழே போய் உட்கார்ந்தது. அம்மாளின் கை தானாகவே நீண்டது. பாதியில் நின்றது. அதை இன்னொரு கையால் பிடித்து இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"தப்பா?" என்றார் டாக்டர்.

"தப்பு."

"இப்ப என்ன ஆகும்?"

"ஒண்ணும்" என்று ஆரம்பித்துவிட்டு, அம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஏதோ ஆகும். அப்புறம் பாத்துக்கலாம்."

6

இங்கே முடிக்கலாம். முடிவுகள் மூன்று கைவசம் இருக்கின்றன.

முதலாவதில், துறைமுகத்தில் அக்காவும் தங்கையும் கப்பல் தட்டில் நின்று கையசைக்கிறார்கள். கீழே டாக்டர் நீலத்துணியை ஆட்டி விடைகொடுக்கிறார். (அழகுதான். ஆனால் அன்றைக்கு அவருக்கு நோயாளிகள் இருந்தார்கள், போகவில்லை.)

இரண்டாவதில், அம்மாள் பாதி வழியில் மனசு கேட்காமல் திரும்பி வந்துவிடுகிறார். இதை எழுதி என் அண்ணனுக்குக் காட்டினேன். "இப்படி எழுதினே, அந்த அக்கா உன்னைச் சும்மா விடமாட்டா" என்றான். கிழித்துவிட்டேன்.

மூன்றாவதில் மழை பெய்கிறது.

எதுவும் சரிப்படவில்லை. தவிர, என் பல் வேலையும் பாக்கி இருந்தது. ஆகவே கடைசித் தடவை கிளினிக்குக்குப் போய்வந்ததை மட்டும் சொல்கிறேன்.

7

படியேறினேன். பாதியில் வலி நின்றது. நானும் நின்றேன். மேலேயிருந்து யாரும் குரல் கொடுக்கவில்லை. நின்று, யோசித்து, நானாகவே ஏறினேன்.

முன்மேஜையில் ஆள் இல்லை. அடியில் இருக்கும் பெட்டியை மிதிக்காமலிருக்க வழக்கம் போல் காலை உயர்த்தித் தாண்டினேன். தாண்டிய பிறகு பார்த்தால் அங்கே பெட்டி இல்லை. வெறும் தரையைத் தாண்டியிருக்கிறேன். இன்னொரு தடவை திரும்பி வந்து தாண்டிப் பார்த்தேன். ஏன் என்று எழுத வராது. கட்டைவிரல் இடிபடாததற்கு இவ்வளவு சந்தோஷமா என்று கேட்டால், ஆமாம்.

உள்ளே டாக்டர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். துணி இல்லை. ஒரு விரலால், சொத்தையைத் தட்டிப் பார்ப்பது போல், ஒவ்வொரு பட்டனாகத் தட்டிக்கொண்டிருந்தார். திரையில் பல்லாகத் தெரிந்தது. ஒரு வாயில் இருக்கக்கூடிய பல்லைவிட நிறைய.

"வாங்க சார். அந்தப் பாட்டு வாத்தியார் பக்கத்தை எப்படி மூடறதுன்னு தெரியலை. வர்றவங்க எல்லார் பல்லும் அவர் பேர்லயே போகுது."

"எல்லாரோடதுமா?"

"இந்த வாரம் வந்த எல்லாரோடதும். பால்பல்லுகூட இருக்கு."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார்; வேர்வை இன்னும் நிற்கவில்லை. பயம் போய்விட்டதென்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் அந்தக் கை ஈரமாகத்தான் இருந்தது.

"அம்மா போன் பண்ணாங்களா?"

"நேத்து பண்ணா. சுத்தித் தண்ணியா இருக்குதாம், அக்காவுக்கு வாந்தியாம், ரெண்டு பேரும் சிரிச்சு சிரிச்சு வயித்துவலியாம். அப்புறம் கம்ப்யூட்டர் எப்படி இருக்குன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

டாக்டர் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டார். "'பயப்படாதே. ஒண்ணும் ஆகலை'ன்னேன்."

"அவங்க?"

"அலைச் சத்தம்தான் கேட்டுச்சு. அப்புறம், 'எவ்வளவு நாசம் பண்ணியிருக்கீங்க'ன்னா." அவர் இன்னொரு கையுறையையும் மாட்டினார். "'நிறைய'ன்னேன். 'சரி, நான் திரும்பி வர இன்னும் நாள் இருக்கு, இன்னும் கொஞ்சம் பண்ணுங்க'ன்னு சொல்லிட்டு வெச்சுட்டா."

நான் சாய்ந்தேன். நீலத்துணியை என் கழுத்தில் மாட்டினார். அது அந்தக் கம்ப்யூட்டருடைய துணிதான் என்று நினைக்கிறேன். தூசி வாசனை அடித்தது. விளக்கை என் முகத்துக்கு மேலே இழுத்தார். ஊசியை எடுத்தார். வாயில் பஞ்சு ஏறுவதற்கு முந்தி எனக்குக் கிடைத்த அந்த ஒரு இடைவெளியில் கேட்டேன்.

"வலிக்குமா டாக்டர்?"

தோளில் கை வைத்தார். ஏதோ சொல்ல வந்தார். நிறுத்தினார். அந்தக் குரலை அவரும் அறிவார், நானும் அறிவேன். இனி எங்கள் இரண்டு பேரிடமும் அது எடுபடாது. ஆனால் 'வலிக்கும்' என்ற பதிலைக் கேட்டுவிட்டு வாயைத் திறந்து வைத்திருக்கும் தைரியம் எனக்கு உண்டா? அவருக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சொன்னார். என்ன சொன்னார் என்பதை நான் எழுதப்போவதில்லை. அந்த நாற்காலியில் இப்போது நீங்கள் சாய்ந்திருக்கிறீர்கள். விளக்கு உங்கள் கண்ணில் கூசுகிறது. ஊசியோடு நிற்பவர் உங்களிடம் எதைச் சொன்னால் நன்றாக இருக்கும், ஆறுதலையா, உண்மையையா? யோசித்துச் சொல்லுங்கள். அதுதான் முடிவு.

ஆனால் முதலில் வாயைத் திறங்க. இன்னும் கொஞ்சம் பெரிசா. அவ்வளவுதான், பஞ்சு வைத்தாயிற்று.

இப்போது சொல்லுங்கள். என் காதில் "ஆ" என்றுதான் விழும். அதை எனக்குச் சாதகமாகப் புரிந்துகொள்கிறேன்.